அம்மா கனடாவுக்கு மிக்ஸி கொண்டுபோகலாமா?

தங்கச்சி, உங்கள் கேள்வியில் உண்மையில் நான்கு கேள்விகள் இருக்கின்றன. விசுவமடுவில் இருந்து அம்மாவும் அப்பாவும் ரொறன்ரோவில் இருக்கும் அண்ணா வீட்டுக்கு ஆறு மாதம் போகிறார்கள். அம்மா தன்னுடைய மிக்ஸியையும், இழுப்பு வந்தால் பிடிக்கிற நெபுலைசர் மெஷினையும் கொண்டுபோக வேண்டும் என்கிறார். கிளிநொச்சியில் ஒரு கடையில் ‘எந்த நாட்டிலும் பாவிக்கலாம்’ என்று சொல்லி ஒரு அடப்டர் கொடுத்திருக்கிறார்கள், அது போதுமா என்று கேட்கிறீர்கள். தம்பி கத்தாருக்கு வேலைக்குப் போகிறார், அவர் என்ன கொண்டுபோக வேண்டும்? கடைசியாக, அண்ணா போன முறை கொண்டுவந்த ரைஸ் குக்கர் பெட்டி உடைக்காமல் இருக்கிறது, அதை இங்கே போடலாமா?

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போன் சார்ஜர்கள் போகலாம். மிக்ஸி வீட்டிலேயே இருக்கட்டும். நெபுலைசரின் அடியில் உள்ள லேபிளை இன்றைக்கே பாருங்கள், அதைப் பற்றிக் கீழே விரிவாக எழுதுகிறேன். தம்பிக்கு அடப்டரே தேவையில்லை. அண்ணாவின் ரைஸ் குக்கரை நேராக நம்முடைய பிளக் பொயின்டில் போடவே கூடாது. நான் பரந்தனில் வயரிங் வேலை செய்கிறவன். நடுவில் ஆறு வருடம் கத்தாரில் கட்டட மின்வேலையும் செய்தேன். இந்த விஷயத்தில் ஆட்கள் செய்கிற பிழைகளை இரண்டு பக்கத்திலும் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

அந்த அடப்டரில் இருந்து தொடங்குவோம். அது பின்னின் உருவத்தை மட்டும்தான் மாற்றுகிறது. நம்முடைய சதுரப் பின்னைக் கனடாவின் தட்டைப் பின்னாக்கிவிடும், அவ்வளவுதான். சுவரில் 120 வோல்ட் வந்தால் உள்ளேயும் 120 வோல்ட், 230 வந்தால் 230. வோல்ட்டை மாற்றுவதற்கு ட்ரான்ஸ்போமர் வேண்டும். அது உள்ளங்கையில் அடங்குகிற பிளாஸ்டிக் துண்டு இல்லை, இரும்பும் செம்பும் சேர்ந்த பாரமான பெட்டி. கடைக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை, பெரும்பாலான நாடுகளில் அது சுவரில் போய்ச் செருகிக்கொள்ளும்தான். ஆனால் செருகிய பிறகு உங்கள் பொருள் பிழைக்குமா என்பதை அந்த அடப்டர் சொல்லாது.

நம்முடைய இலங்கையில் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். ஹேர்ட்ஸ் என்றால் கறண்ட் ஒரு செக்கனுக்கு எத்தனை தடவை துடிக்கிறது என்ற கணக்கு. இந்தியா, இங்கிலாந்து, ஐரோப்பா, அவுஸ்திரேலியா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகள் எல்லாம் ஏறத்தாழ இதே வோல்ட்தான். சவூதியில் மட்டும் 60 ஹேர்ட்ஸ். கனடாவிலும் அமெரிக்காவிலும் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். ஜப்பானில் 100 வோல்ட். அங்கே இன்னொரு புதினமும் உண்டு: தோக்கியோப் பக்கம் 50 ஹேர்ட்ஸ், ஒசாக்காப் பக்கம் 60. 1895இல் தோக்கியோ ஜேர்மனியில் இருந்து ஜெனரேட்டர் வாங்கியது, 1896இல் ஒசாக்கா அமெரிக்காவில் இருந்து வாங்கியது. அந்தப் பிரிவு இன்று வரைக்கும் ஒன்றாகவில்லை. எந்த ஊர் எந்த மெஷினை முதலில் வாங்கியதோ அந்தக் கணக்கிலேயே நின்றுவிட்டது. உலகம் முழுக்க இந்தச் சிக்கல் வந்தது இப்படித்தான்.

இப்போது ரைஸ் குக்கர். சில வருடங்களுக்கு முன்பு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு என்று கனடாவில் இருந்து வந்த ஒரு குடும்பம், இங்கே இருந்த பெரியம்மாவுக்கு ஒரு ரைஸ் குக்கரைக் கொடுத்துவிட்டுப் போனது. பெரியம்மா அரிசியைக் கழுவிப் போட்டு, அடப்டரோடு செருகி, சுவிட்சைப் போட்டுவிட்டு முற்றம் கூட்டப் போனார். திரும்பி வரும்போது குசினி முழுக்கப் புகை. அடித்தட்டு சிவந்து, வயர் உருகி, மேசையில் கருகிய வட்டம். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது குக்கரில் ‘120 வோல்ட், 500 வாட்’ என்று தெளிவாக எழுதியிருந்தது. இதில் கணக்கு இலகுவானது. சூடாக்குகிற சுருளுக்கு வோல்ட் இரண்டு மடங்கானால் சூடு நான்கு மடங்காகும். 120க்குச் செய்த 500 வாட் சுருளை 230இல் போட்டால் ஏறத்தாழ 1800 வாட் இழுக்கும். அந்தச் சின்னப் பாத்திரமும் மெல்லிய வயரும் அதைத் தாங்கச் செய்தவை அல்ல. பெரியம்மா அன்று குசினிக்குள் நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் யோசிப்பேன்.

மறுபக்கமாக, நம்முடைய கேத்திலைக் கனடாவுக்குக் கொண்டுபோனால் எரியாது, ஆனால் வேலையும் செய்யாது. இங்கே 2200 வாட்டில் நான்கு நிமிடத்தில் கொதிக்கிற கேத்தில், அங்கே 600 வாட் அளவில்தான் சுடும். ஒரு கேத்தில் தண்ணீர் கொதிக்கக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆபத்து குறைவு, பயனும் குறைவு. அண்ணா வீட்டில் கேத்தில் இருக்கும், அதைப் பாவிக்கட்டும்.

மிக்ஸி இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பாதி வோல்ட்டில் மோட்டர் சுற்றும், ஆனால் வலு இருக்காது. செத்தல் மிளகாயையோ உழுந்தையோ போட்டால் திணறி நிற்கும். நின்ற மோட்டருக்குள் கறண்ட் தொடர்ந்து ஓடினால் சுருள் சூடாகிக் கருகிப்போகும். 750 வாட் மிக்ஸிக்குச் சரியான ட்ரான்ஸ்போமர் வாங்குவதென்றால் 1500 வாட் அளவில் வாங்க வேண்டும், ஏனென்றால் மோட்டர் தொடங்கும்போது அதிகம் இழுக்கும். அதன் விலைக்கும் பாரத்துக்கும், ஸ்காபரோவில் உள்ள தமிழ்க் கடைகளில் அந்த நாட்டுக் கறண்டுக்கென்றே செய்த மிக்ஸியை வாங்கிவிடலாம். அம்மாவுக்குப் பழகிய ஜார் வேண்டும் என்கிற ஆசை எனக்கு விளங்குகிறது. அந்த இடத்தில் ஒடியல் மாவும் மோர்மிளகாயும் கூடுதலாகக் கட்டிக் கொடுங்கள்.

சரி, எது போகலாம், எது போகக் கூடாது என்பதை நீங்களே எப்படிப் பார்ப்பது? ஒவ்வொரு சார்ஜரின் முதுகிலும், ஒவ்வொரு மெஷினின் அடியிலும் ஒரு லேபிள் இருக்கும். எழுத்து மிகச் சின்னது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கண்ணாடி தேவையில்லை. ‘இன்புட்’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் உள்ள எண்தான் முக்கியம். 100-240 என்றும் 50/60 என்றும் இருந்தால் அது எந்த நாட்டிலும் வேலை செய்யும். பின்னை மாற்ற அடப்டர் போதும். 220-240 என்று மட்டும் இருந்தால் கனடா, அமெரிக்கா, ஜப்பான் போன்ற வோல்ட் குறைந்த நாடுகளுக்கு ஆகாது. 120 என்று மட்டும் இருந்தால் அது இங்கே நம்முடைய வீட்டுக்கு ஆகாது. ‘அவுட்புட்’ என்று 5 வோல்ட், 9 வோல்ட் என எழுதியிருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம், அது போனுக்குப் போகிற பக்கம்.

போன், லேப்டொப், கமரா சார்ஜர்களில் பெரும்பாலும் 100-240 என்றுதான் இருக்கும். தலைமயிர் காயவைக்கிற மெஷின், அயன் பொக்ஸ், ரைஸ் குக்கர், கேத்தில் போன்ற சூடாக்குகிற பொருட்களில் பெரும்பாலும் ஒரே வோல்ட்தான். சில ஹெயார் ட்ரையர்களில் ஒரு சின்ன வட்டச் சுவிட்ச் இருக்கும், சல்லிக் காசை வைத்துத் திருப்பி 125, 250 என்று மாற்றலாம். கனடாவில் இருந்து வருகிற பிள்ளைகள் அதை 125லேயே விட்டுவிட்டு இங்கே போட்டால் அடுத்த நிமிடமே புகைதான். வருகிறவர்களுக்கு முதல் நாளே இதை ஞாபகப்படுத்துங்கள்.

ஹேர்ட்ஸ் என்பதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை. வோல்ட்டை ட்ரான்ஸ்போமர் மாற்றும், ஹேர்ட்ஸை மாற்றாது. தருமபுரத்தில் ஒருவருக்கு மகன் கனடாவில் இருந்து ஒரு பழைய ரேடியோ மணிக்கூடு அனுப்பியிருந்தார். ட்ரான்ஸ்போமர் சரியாகப் போட்டும் நேரம் பிந்திக்கொண்டே போனது. அந்த வகை மணிக்கூடு கறண்டின் துடிப்பை எண்ணித்தான் நேரம் காட்டும். 60க்குப் பழகியது 50இல் ஓடினால் ஒரு நாளைக்கு நான்கு மணித்தியாலம் பிந்தும். மணிக்கூட்டுக்கு அது வெறும் கரைச்சல். ஆனால் 60 ஹேர்ட்ஸுக்குச் செய்த மோட்டர் உள்ள சாமான் இங்கே வந்தால் மெதுவாகச் சுற்றும், வழக்கத்தை விடச் சூடாகும். அண்ணா அங்கிருந்து பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ அனுப்ப நினைத்தால் தடுத்துவிடுங்கள்.

இனி நெபுலைசர். இதில்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இது அம்மாவின் மூச்சு. இங்கே வீடுகளில் இருக்கிற, மேசையில் வைத்து உறுமுகிற பெட்டி மெஷின்களில் பல 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ் என்று மட்டும் எழுதியவை. அதைக் கனடாவில் அடப்டரோடு போட்டால் காற்று போதிய வேகத்தில் வராது, மருந்து சரியான புகையாகப் போகாது. மெஷின் சத்தம் போடுவதால் வேலை செய்கிறது என்று நினைத்துவிடுவோம். நடு இரவில் இழுப்பு வரும்போதுதான் அது தெரியவரும். ட்ரான்ஸ்போமர் போட்டாலும் ஹேர்ட்ஸ் வேறு என்பதால் நான் இதில் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். லேபிளில் 100-240 இருந்தால் பயமில்லாமல் கொண்டுபோங்கள். இல்லாவிட்டால் இரண்டு வழி. ஒன்று, அண்ணாவிடம் சொல்லி அம்மா போய் இறங்கும் முன்பே அங்கே ஒன்றை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். மற்றது, பற்றரியில் அல்லது யூஎஸ்பி வயரில் ஓடுகிற கையடக்க வகை ஒன்றை இங்கேயே வாங்கி, போகும் முன் இரண்டு மூன்று தடவை பாவித்துப் பழக்குங்கள். அம்மா பிடிக்கிற மருந்து அந்த வகைக்குச் சரிதானா, பம்ப்பும் அதோடு பூட்டுகிற ஸ்பேசர் குழாயும் போதுமா என்று கிளினிக்கில் டொக்டரைக் கேளுங்கள். மெஷினும் மருந்தும் கைப்பையில்தான் போக வேண்டும், டொக்டரின் கடிதத்தோடு. பிரஷர் பார்க்கிற மெஷின், சீனி பார்க்கிற மெஷின் பற்றரியில் ஓடுவதால் பிரச்சினை இல்லை. பிரஷர் மெஷினுக்குத் தனி அடப்டர் வயர் இருந்தால் அதன் லேபிளையும் பாருங்கள்.

ரொறன்ரோவில் அண்ணா வீட்டுக்குள் போனதும் அம்மாவும் அப்பாவும் சில வித்தியாசங்களைப் பார்ப்பார்கள். அங்கே சுவரில் உள்ள பிளக் பொயின்டில் சுவிட்ச் இருக்காது. செருகினால் உடனே கறண்ட். அதனால் பொருளின் சுவிட்சை முதலில் நிறுத்திவிட்டுச் செருகவும் கழற்றவும் பழக வேண்டும், வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கைப் பிடித்து இழுக்க வேண்டும். தட்டைப் பின் இரண்டில் ஒன்று அகலமாக இருக்கும், அது காரணத்தோடுதான். போகவில்லை என்று அரத்தால் தேய்க்கக் கூடாது, திருப்பிச் செருகினால் போகும். குசினியிலும் குளியலறையிலும் உள்ள பிளக் பொயின்டின் நடுவில் பெரும்பாலும் இரண்டு சின்னப் பொத்தான்கள் இருக்கும். நம்முடைய ட்ரிப் சுவிட்ச் செய்கிற வேலையை அது அந்த இடத்திலேயே செய்கிறது. நம்முடையது 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழும், அது 5 மில்லி அம்பியருக்கே விழும். கறண்ட் போய்விட்டால் ‘ரீசெட்’ பொத்தானை அழுத்தலாம். திரும்பத் திரும்ப விழுந்தால் செருகிய சாமானில் பிழை, அதைக் கழற்றி ஓரமாக வைக்க வேண்டும்.

அப்புறம் குளிர். வன்னி வெயிலில் இருந்து போகிறவர்களுக்கு வீட்டுச் சூடு போதாது போலவே இருக்கும். நிலத்தில் வைக்கிற சின்ன ஹீற்றர் ஒன்று வேண்டும் என்பார்கள். அதைச் சுவரில் நேராகத்தான் செருக வேண்டும், எக்ஸ்டென்ஷன் வயரில் கூடாது. அந்த ஹீற்றர்கள் 1500 வாட் வரை இழுக்கும். 120 வோல்ட்டில் அது 12 அம்பியருக்கு மேல். இங்கே அதே 1500 வாட்டுக்கு ஆறரை அம்பியர்தான் ஓடும். வோல்ட் குறைந்த நாட்டில் அதே வேலைக்கு வயரில் இரண்டு மடங்கு கறண்ட் ஓடுகிறது, மெல்லிய வயர் அதில்தான் சூடாகிறது. கட்டில் விரிப்பு, திரைச்சேலை, காயப்போட்ட உடுப்பு எதுவும் ஹீற்றருக்குப் பக்கத்தில் வேண்டாம். நித்திரைக்குப் போகும்போது நிறுத்திவிட வேண்டும். தாளிக்கும்போது கூரையில் உள்ள புகை அலாரம் கத்தும், அம்மா பதறக் கூடாது. யன்னலைத் திறந்து புகையை வெளியேற்றினால் நிற்கும். சத்தம் தாங்காமல் அப்பா கதிரையில் ஏறிப் பற்றரியைக் கழற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

உங்கள் கையில் இருக்கிற அடப்டரில் இன்னொன்றையும் பாருங்கள். அதில் அம்பியர் போட்டிருக்கும், பெரும்பாலும் 6 அல்லது 10. 6 அம்பியர் அடப்டர் இங்கே 1380 வாட் வரை தாங்கும், கனடாவில் 720 வாட் மட்டும்தான். சார்ஜர்களுக்கு அது தாராளம். அயன் பொக்ஸுக்கு இல்லை. அதோடு இந்த வகை அடப்டர்களில் பலவற்றுக்கு எர்த், அதாவது கசிகிற கறண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற தொடர்பு, கிடையாது. மூன்றாவது பின் இருக்கும், உள்ளே அது எதிலும் இணைந்திருக்காது. லேப்டொப்பின் உலோக மேற்பரப்பைத் தொடும்போது மெல்லச் சுரீர் என்று ஒரு கூச்சம் வந்தால் காரணம் இதுதான். அந்த அளவு ஆளுக்குத் தீங்கு செய்யாது, ஆனால் எர்த் இல்லை என்று அது உங்களுக்குச் சொல்கிறது. உலோக உடம்புள்ள அயன் பொக்ஸையோ கேத்திலையோ அப்படிப்பட்ட அடப்டரில் போடாதீர்கள். இரட்டை இன்சுலேஷன் செய்த பொருட்களில் சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் போட்ட அடையாளம் இருக்கும், அவற்றுக்கு எர்த் தேவையில்லை.

எர்த் பற்றிப் பேசுகிறபோது, நான் வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் பார்க்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். சுவிசில் இருந்தோ பிரான்சில் இருந்தோ வந்தவரின் இரண்டு பின் பிளக் நம்முடைய சதுரப் பொயின்டுக்குள் போகாது. உடனே ஒரு பேனையையோ ஸ்க்ரூ ட்ரைவரையோ மேல் ஓட்டைக்குள் விட்டுத் திறந்து, பிளக்கை அமுக்கி ஏற்றிவிடுவார்கள். கீழ் ஓட்டைகள் மூடியிருப்பது பிள்ளைகள் விரலோ ஆணியோ விடாமல் இருக்கத்தான். நீளமான எர்த் பின் முதலில் போய்த்தான் அந்த மூடியைத் திறக்க வேண்டும். பேனையால் திறக்கிறபோது மூன்று பாதுகாப்பை ஒரே நேரத்தில் இழக்கிறோம். எர்த் இல்லை. பிளக்குக்குள் இருக்க வேண்டிய பியூஸ் இல்லை. பின் மெல்லியது என்பதால் தளர்ந்து நின்று பொறி பறக்கும். ஐரோப்பியப் பெரிய பிளக்கில் எர்த், விளிம்பில் உள்ள தகடு வழியாகவோ அங்குள்ள பொயின்டில் நீட்டிக்கொண்டிருக்கிற பின் வழியாகவோதான் வரும். நம்முடைய பொயின்டில் அதற்குத் தொட ஒன்றுமே இல்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். போர்க்காலத்தில் இங்கே நீண்ட காலம் கறண்ட் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எந்த வயரையும் எதனோடும் முறுக்கி ஓட வைத்தோம். அது பெருமைப்பட வேண்டிய கெட்டித்தனம். ஆனால் அந்த டைனமோவில் இருந்தது 6 வோல்ட், கை பட்டாலும் ஒன்றும் ஆகாது. சுவரில் வருகிற 230 அப்படி இல்லை. ஒரு சரியான அடப்டருக்குப் பெரிய செலவு இல்லை. வருகிற உறவினருக்காக வீட்டில் எர்த் உள்ளதாக இரண்டு வாங்கி வைத்துவிடுங்கள்.

தம்பிக்கு வருகிறேன். கத்தாரில் 240 வோல்ட், 50 ஹேர்ட்ஸ், நம்முடைய 13 அம்பியர் சதுரப் பின்தான். துபாயிலும் குவைத்திலும் இதே பின். இங்கிலாந்தில் 1947இல் வந்த தரம் இது, இலங்கையும் இதையே தேசியத் தரமாக எடுத்துக்கொண்டது. ஆகவே இங்கு பாவிக்கிற சார்ஜர் அப்படியே போகும். அவருக்கு ஆபத்து பிளக்கில் இல்லை, அறையில் இருக்கிறது. ஆறு, எட்டுப் பேர் தங்குகிற அறையில் ஒரே ஒரு பொயின்டில் மல்ரி பிளக், அதில் இன்னொரு மல்ரி பிளக். நான் இருந்த இடத்தில் ஒரு விடியப்புறம் கேத்திலும் ஹொட் பிளேட்டும் ஒன்றாக ஓடி, மெத்தைக்கு அடியால் போன வயர் உருகிப் புகை வந்தது. எல்லோரும் வெளியே ஓடினோம், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 13 அம்பியர் என்றால் ஏறத்தாழ 3000 வாட். கேத்தில் 2200, ஹொட் பிளேட் 1500, இரண்டும் சேர்ந்தால் அந்த அளவைத் தாண்டிவிடும். மலிவு மல்ரி பிளக்கின் வயர் 3000 வாட்டைக் கூடத் தாங்காது. சூடாக்குகிற சாமான் ஒரு நேரத்தில் ஒன்று மட்டும், அதுவும் சுவரில் நேராக என்று தம்பியிடம் சொல்லி அனுப்புங்கள். வயர் மெத்தைக்கு அடியிலோ பாய்க்கு அடியிலோ போகக் கூடாது. பிளக்கைத் தொட்டுப் பார்த்துச் சுட்டால் உடனே கழற்ற வேண்டும்.

பவர் பேங்க் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மூன்று பேரும் கொண்டுபோவார்கள். அது கைப்பையில்தான் போக வேண்டும், பெரிய பெட்டிக்குள் போடக் கூடாது. பெட்டிகள் இருக்கிற அடித்தட்டில் லித்தியம் பற்றரி தீப்பிடித்தால் அணைக்க ஆள் இல்லை. 100 வாட்-அவர் வரை பொதுவாக அனுமதி. 20,000 மில்லி அம்பியர்-அவர் பவர் பேங்க் 74 வாட்-அவர் என்பதால் பிரச்சினை இல்லை. எண் அழிந்துபோன பழையது என்றால் விமான நிலையத்தில் எடுத்துவிடுவார்கள். எமிரேட்ஸ் விமானங்களில் 2025 ஒக்டோபர் 1 முதல் ஆளுக்கு ஒன்று மட்டும், அதையும் விமானத்துக்குள் பாவிக்க முடியாது. மற்றக் கொம்பனிகளும் இந்தப் பக்கம் இறுக்கி வருகின்றன, டிக்கெட் போட்ட இடத்தில் கேட்டுவிடுங்கள். ஊதிப்போன பவர் பேங்க் எதுவாக இருந்தாலும் கொண்டுபோக வேண்டாம், வீட்டிலும் வைத்துச் சார்ஜ் செய்ய வேண்டாம்.

பலாலியில் இருந்து சென்னைக்கோ, காங்கேசன்துறையில் இருந்து கப்பலில் நாகபட்டினத்துக்கோ போகிறவர்களுக்கு ஒரு வரி: வோல்ட் நம்முடையதே, பின் மட்டும் உருண்டை. பழைய வீட்டில் இருந்த உருண்டைப் பின் சார்ஜர் இருந்தால் அது நேராகவே போகும். லண்டன் போகிறவர்களுக்கு அடப்டரே வேண்டாம். ஆனால் அங்கே குளியலறையில் சவர மெஷினுக்கென்று ஒரு சின்னப் பொயின்ட் இருக்கும், அதில் வேறு எதையும் போட முயல வேண்டாம். சுவிஸ், இத்தாலி, டென்மார்க்குக்குத் தனித்தனிப் பின் உண்டு. போகிற நாட்டின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

எங்கே என்றாலும் ஒருவரைக் கறண்ட் பிடித்துவிட்டால் கையால் இழுக்கக் கூடாது. முதலில் பிரேக்கரை விழுத்த வேண்டும். முடியாவிட்டால் காய்ந்த தடி, பிளாஸ்டிக் கதிரை என்று ஏதாவது ஒன்றால் வயரைத் தள்ள வேண்டும். எரிகிற சாமானில் கறண்ட் இருக்கும்போது தண்ணீர் ஊற்றக் கூடாது. கனடாவில் 911, இங்கே அம்புலன்ஸுக்கு 1990. அம்மாவின் போனில் 911ஐயும் அண்ணா வீட்டு விலாசத்தையும் தமிழில் எழுதிப் போட்டுக் கொடுங்கள்.

அண்ணாவின் ரைஸ் குக்கருக்கு ஒரு வழி இருக்கிறது. லேபிளில் 120 வோல்ட், 500 வாட் என்று இருந்தால் 230ஐ 110ஆக இறக்குகிற, ஆயிரம் வாட் தாங்கும் நல்ல ட்ரான்ஸ்போமர் ஒன்றில் ஓடும். ஆனால் அந்த ட்ரான்ஸ்போமரின் காசுக்கு இங்கேயே புது ரைஸ் குக்கர் வாங்கலாம். என்னைக் கேட்டால் அதை அம்மாவோடு திருப்பிக் கனடாவுக்கே அனுப்பிவிடுங்கள், அங்கே அது நன்றாக வேலை செய்யும். இங்கே வைத்திருப்பதென்றால் பெட்டியின் மேலே பெரிதாக ‘இங்கே போடக் கூடாது’ என்று எழுதி ஒட்டுங்கள். வீட்டுக்கு வருகிற யாரோ ஒருவர் ஒரு நாள் அதை எடுத்துச் செருகிவிடுவார்.

கடைசியாக விசுவமடு வீடு. ஆறு மாதம் பூட்டிக் கிடக்கும், இடையில் ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் காலம் வரும். பிரிட்ஜைக் காலி செய்து, துடைத்து, கதவைக் கொஞ்சம் திறந்த மாதிரி விடுங்கள். ரீவி, ரூட்டர், டிஷ் வயர் எல்லாவற்றையும் சுவரில் இருந்து கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது மின்னலுக்குப் போதாது. கிணற்று மோட்டரின் பிரேக்கரை விழுத்தி, மெயின் சுவிட்சையும் நிறுத்துங்கள். அண்ணா கமரா ஏதும் பூட்டியிருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தாமல், அதன் பிரேக்கரை மட்டும் விட்டு மற்றவற்றை விழுத்தலாம். திரும்பி வந்து மெயின் சுவிட்சைப் போட்டதும், மற்றவற்றைப் போடும் முன் ட்ரிப் சுவிட்சின் ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். விழவில்லை என்றால் மற்றவற்றைப் போடாமல் வயரிங் ஆளைக் கூப்பிடுங்கள். எர்த் கம்பியையும் அப்போது பார்க்கச் சொல்லுங்கள், நம்முடைய மண் கோடையில் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும். போகும் முன் பக்கத்து வீட்டில் நம்பிக்கையான ஒருவருக்கு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று காட்டி, ஒரு சாவியையும் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள்.